தொட்டியில் இன்னும் எத்தனை வாளி?

கேமரன் மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொன்னால் சமவெளியில் இருந்து வந்த நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் மலை அது. ஆனால் மலை ஓடையிலிருந்து குழாய்வழி தண்ணீர் பெறும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பெருமழை கொட்டும் நாளில்தான் வீட்டுக் குழாய் வறண்டு போகும்.

இதில் புதிர் எதுவும் இல்லை. ஓடையின் குறுக்கே சிறு தடுப்புக் கட்டி, அதில் குழாயைப் பதித்திருப்பார்கள். தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி லயத்துக்கு வரும். மழை வலுத்தால் ஓடை பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். இலை, சுள்ளி, மண் எல்லாம் வந்து குழாயின் வாயை அடைக்கும். அடைக்காவிட்டாலும் அந்தச் சேற்று நீரைத் தொட்டிக்குள் விடாமல் நாமே திருகை மூடிவிடுவோம். யாராவது மேலே போய் வலையைச் சுத்தம் செய்து, ஓடையும் தெளிய ஒருநாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதுவரை வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் தொட்டியில் உள்ளதுதான் சமையலுக்கும் குளியலுக்கும்.

ஆகவே, "தொட்டியில் இன்னும் எத்தனை வாளி இருக்கிறது?" என்பது எங்கள் வீட்டில் அன்றாடக் கேள்வி. அதற்கு விடை காண, பாசி படிந்த மண்படிகளில் ஏறிப்போக வேண்டும். என் பாட்டிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. படியேறாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று தேடியபோதுதான் மீயொலித் தொலைவு உணரியைக் கையில் எடுத்தேன். விலை மலிவான இந்தக் கருவியை நம் மாணவர்கள் பலர் பள்ளித் திட்டப்பணிகளுக்கே வாங்கியிருப்பீர்கள். அதை மேசைமேல் இயக்குவது ஒரு மணிநேர வேலைதான். குளிரும் ஈரமும் நிறைந்த மலைநாட்டில், ஒரு குடும்பம் நம்பிச் செலவு செய்யத்தக்க எண்ணை அதனிடமிருந்து வாங்க அதைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அதையே இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

பழைய முறைகள்

முதலில் பழைய முறைகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பாட்டி அகப்பைக் காம்பால் தொட்டியின் பக்கத்தை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். வெற்றிடத்தில் ஒருவித ஓசை, தண்ணீர் உள்ள இடத்தில் அடங்கிய ஓசை. ஓசை மாறும் இடம்தான் நீர்மட்டம். ஒரு விரற்கடைக்குமேல் பிசகாது. இதுவும் ஒலியைக் கொண்டு அளப்பதுதான் என்பதைக் கவனியுங்கள். இன்னொரு முறை மிதவை. தொட்டிக்குள் ஒரு மிதவை, அதில் கட்டிய கயிறு விளிம்பைத் தாண்டி வெளியே வந்து ஒரு கல்லைத் தாங்கும். தண்ணீர் இறங்க இறங்கக் கல் மேலே ஏறும். மின்சாரம் வேண்டாம், நிரல் வேண்டாம். கயிறு போகும் துவாரத்தின் வழியே கொசு நுழைந்து முட்டையிடும் என்பதுதான் குறை. டிங்கி பரவும் நாட்டில் அந்தத் துவாரத்தை அனுமதிக்க எனக்கு மனமில்லை.

தொட்டியின் அடியில் அழுத்த உணரி வைக்கலாம். எங்கள் தொட்டியின் அடியில் வண்டல் படிவதால் அது சில மாதங்களில் புதைந்துவிடும். மிதவை விசையும் சேற்றில் சிக்கிக்கொள்ளும். தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து அளப்பது மீயொலி உணரியின் பெரிய நன்மை.

எதிரொலியின் கணக்கு

தமிழ்ப்பள்ளியில் இதை 'எதிரொலி' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது 'கெமா' ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் 'எக்கோ'. உணரியின் நான்கு கால்களில் ஒன்றின்மேல் பொறித்திருப்பதும் அந்த மூன்றாவது பெயர்தான். பெயர் எதுவானாலும் செய்தி ஒன்றே. ஓர் ஒலியை அனுப்பி, அது எதன்மீதோ பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும்.

வௌவால் இதைத்தான் செய்கிறது. கண்ணை மறைத்தாலும் வௌவால் முட்டிக்கொள்ளாமல் பறப்பதை இத்தாலியரான ஸ்பல்லான்சானி 1790களிலேயே கண்டறிந்தார். காரணம் மட்டும் விளங்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் டொனால்டு கிரிஃபின், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நம்மைப்போல் இளங்கலை மாணவராக இருந்தபோது, பியர்ஸ் என்னும் இயற்பியல் பேராசிரியரின் கருவிக்கு முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அவை எழுப்புவது அப்போதுதான் பதிவாயிற்று.

நம் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எச்.சி.-எஸ்.ஆர்.04 எனப்படும் பரவலான உணரி 40,000 ஹெர்ட்ஸில் ஒலி எழுப்புகிறது. நுண்கட்டுப்படுத்தி அதற்குப் பத்து மைக்ரோவிநாடி நேரம் ஒரு தூண்டல் கொடுத்தால், உணரி எட்டு அதிர்வுகளை மட்டும் அனுப்பிவிட்டு அமைதியாகிக் காத்திருக்கும். எதிரொலி வந்து சேரும்வரை 'எக்கோ' கால் உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். அது நின்ற நேரத்தை அளப்பதுதான் நம் வேலை. ஒரு மீட்டர் போய்த் திரும்ப 6 மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும்.

ஆக, இந்தக் கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. தண்ணீரையோ தொலைவையோ அது அறியாது. நேரத்தைத் தொலைவாக மாற்றுவது நாம் எழுதும் நிரல்.

58 என்னும் எண்

பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலானவற்றில் ஒரு வரி இருக்கும். மைக்ரோவிநாடியை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும் என்று. பலரும் அதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். அந்த 58க்குள் ஒரு வெப்பநிலை ஒளிந்திருக்கிறது.

காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331.3 மீட்டருடன், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.606 மீட்டரைக் கூட்டினால் வருவது. 58ஆல் வகுப்பது என்றால் ஒலி விநாடிக்கு 344.8 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதாகும். அந்த வேகம் ஏறத்தாழ 22 பாகையில்தான் உண்மை. குளிரூட்டப்பட்ட ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. எங்கள் மலையிலோ விடியற்காலையில் 15 பாகைக்கு இறங்கும். நண்பகலில் வெயில் அடித்தால் கறுப்புத் தொட்டியின் உள்ளே நீருக்கு மேலுள்ள காற்று 35 பாகையைத் தொடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உணரியிலிருந்து நீர்மட்டம் சரியாக 100 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. 15 பாகையில் ஒலியின் வேகம் 340.4 மீட்டர். எதிரொலி வர 5,875 மைக்ரோவிநாடி ஆகும். 58ஆல் வகுத்தால் 101.3 சென்டிமீட்டர். 35 பாகையில் வேகம் 352.5 மீட்டர். நேரம் 5,674 மைக்ரோவிநாடி. வகுத்தால் 97.8. யாரும் குழாயைத் தொடாமலேயே நீர்மட்டம் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் மூன்றரை சென்டிமீட்டர் ஏறிவிட்டது!

இதை நேரில் காண்பதற்காகவே ஒரு விடுமுறை வாரம் முழுவதும் திருத்தம் இல்லாமல் கருவியை ஓடவிட்டேன். மூன்றாம் நாள் பாட்டி, "யாருமே தண்ணி ஊத்தலையே, எப்படிடா ஏறுச்சு?" என்று கேட்டார். "தண்ணி ஏறல பாட்டி, காத்து சூடாயிருச்சு" என்றேன். "அப்ப அது காத்தைத்தான் அளக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றரை சென்டிமீட்டர் பெரிதா? எங்கள் தொட்டியின் உள்விட்டம் 90 சென்டிமீட்டர். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.4 லிட்டர். வீட்டு வாளி 12 லிட்டர் சொச்சம் பிடிக்கும். அதாவது இரண்டு சென்டிமீட்டர் ஒரு வாளி. மூன்றரை சென்டிமீட்டர் என்றால் 22 லிட்டர். ஏறக்குறைய இரண்டு வாளி.

இங்கு நுட்பமான ஒன்று உள்ளது. இந்தப் பிழை விழுக்காட்டுப் பிழை. தொலைவு கூடக் கூடப் பிழையும் கூடும். உணரி மேலே இருப்பதால் தண்ணீர் குறையக் குறையத் தொலைவு கூடுகிறது. தொட்டி நிரம்பியிருக்கும்போது, அதாவது யாருக்கும் அளவைப் பற்றிக் கவலையில்லாதபோது, கருவி துல்லியமாக இருக்கும். இருப்பது பத்து வாளிதான் என்று கவலைப்படும் நேரத்தில் அது இரண்டு வாளி முன்னே பின்னே சொல்லும்.

தீர்வு எளியது. டி.எஸ்.18பி20 போன்ற நீர்புகா வெப்பமானி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து வெப்பநிலையைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட வேண்டும். எங்கே தொங்கவிடுவது என்பதில் கவனம் தேவை. மூடிக்கு அருகில் காற்று மிகச் சூடாகவும் நீர்ப்பரப்புக்கு அருகில் குளிர்ந்தும் இருக்கும். ஒலி இரண்டையும் கடந்து போகிறது. அதனால் மூடிக்கும் வழக்கமான நீர்மட்டத்துக்கும் நடுவில் தொங்கவிட்டிருக்கிறேன்.

"மலைமேல் காற்று மெலிந்திருக்குமே, அதனால் ஒலியின் வேகம் மாறாதா?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் அழுத்தம் குறையும் அதே விகிதத்தில் அடர்த்தியும் குறைவதால் ஒலியின் வேகத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வெப்பநிலை மட்டுமே மிஞ்சும். மலையில் ஒலி மெதுவாகச் செல்வது அங்கே குளிர் என்பதால்தான், உயரம் என்பதால் அன்று. ஈரப்பதத்துக்கும் சிறு பங்கு உண்டு. வாளிக் கணக்கில் அது பொருட்படுத்தத்தக்கதன்று.

ஈரமும் குருட்டுப் பகுதியும்

மேசைமேல் வைத்துப் பழகிய எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரிக்குக் கண்களைப்போல் இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்று ஒலி எழுப்பும், மற்றொன்று கேட்கும். இரண்டின் முகமும் கம்பி வலைதான். மூடிய தொட்டிக்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும். இரவில் மூடி குளிர்ந்ததும் அந்த ஈரம் உணரியின்மேல் முத்து முத்தாகப் படியும். சில வாரங்களில் துரு ஏறி அது செவிடாகிவிடும். தொட்டிக்கு ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி போன்ற நீர்புகா வகைதான் பொருத்தம். விலை சில மடங்கு கூடுதல். காரைப் பின்னோக்கி எடுக்கும்போது 'பீப் பீப்' என்று எச்சரிக்குமே, அந்தப் பொத்தானைப் போலவே இருக்கும்.

இந்த வகைக்கு ஒரு குறை உண்டு. ஒலி எழுப்புவதும் கேட்பதும் ஒரே தகடு. கோயில் மணியை அடித்தவுடன் அது சிறிது நேரம் அதிர்ந்துகொண்டே இருப்பதுபோல் இந்தத் தகடும் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு அடங்குவதற்குள் வந்துசேரும் எதிரொலி அதற்குக் கேட்காது. அதனால் 20 அல்லது 25 சென்டிமீட்டருக்குள் உள்ள எதையும் அது அளக்காது. மூடியிலேயே பதித்தால், தொட்டி நிரம்பும் நேரத்தில் பொருளற்ற எண்கள் வரத் தொடங்கும்.

எனவே மூடியில் வட்டமாகத் துளையிட்டு, அகலமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை 22 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, அதன் உச்சியில் உணரியைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். வழிந்தோடும் துவாரம் மூடிக்கு 5 சென்டிமீட்டர் கீழே உள்ளது. ஆகத் தொட்டி நிரம்பியிருக்கும்போது தொலைவு 27, முற்றும் காலியானால் 122. குழாய்த் துண்டு ஒடுக்கமாக இருந்தால் அதன் விளிம்பிலேயே ஒலி பட்டுத் திரும்பி, தொட்டி எப்போதும் நிரம்பியிருப்பதாகக் காட்டும். அகலம் முக்கியம். இணைப்புகளில் சிலிக்கன் பசை பூசிக் கொசு நுழையாதபடி அடைத்துவிட வேண்டும். குழாயின் மேலும் சுற்றிலும், மீன் பெட்டிக்குப் பயன்படும் வெள்ளைப் பாலிஸ்டிரீனைக் கட்டினேன். உணரியின் முகம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தால்தான் அதில் நீர்த்துளி படியும். போர்வை போர்த்திவிட்டால் துளி மிகவும் குறைந்துவிடுகிறது.

துளி அடியோடு நிற்காது. தண்ணீர் வந்து விழும்போது அலையும் எழும். அதனால் ஒரே ஓர் அளவீட்டை நம்பக்கூடாது. ஒன்பது முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணை எடுத்துக்கொள்கிறேன். ஏன் சராசரி எடுக்கவில்லை? ஒருநாள் விடியற்காலையில் வந்த ஒன்பது எண்கள் இவை: 62, 62, 63, 62, 21, 62, 63, 62, 62. அந்த 21 ஏதோ ஒரு துளியின் வேலை. சராசரி எடுத்தால் 57.7. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பிசகி, இல்லாத இரண்டு வாளியை இருப்பதாகக் காட்டும். நடு எண்ணோ 62. ஒருவர் போடும் கூச்சலில் மற்ற எட்டுப் பேரின் சாட்சியம் கெடாது.

இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்றை இப்போது சொல்லவேண்டும். எதிரொலியே வராவிட்டால் என்ன ஆகும்? அர்டுயினோ வகை நிரல்களில் 'பல்ஸ்இன்' என்னும் கட்டளை, குறித்த நேரத்துக்குள் எதிரொலி முடிவுறாவிட்டால் சுழியத்தைத் திருப்பித் தரும். சுழியத்தை 58ஆல் வகுத்தாலும் சுழியம். தொலைவு சுழியம் என்றால் தண்ணீர் உணரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நிரல் புரிந்துகொள்ளும். அதாவது, கம்பி அறுந்துபோன உணரி 'தொட்டி நிரம்பியிருக்கிறது' என்று அறிவிக்கும்! கடைசி நான்கு வாளியை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில், நிரம்பியிருப்பதாக நம்பித் துணி துவைக்கத் தொடங்கினால் இரவுச் சமையலுக்குத் தண்ணீர் இருக்காது. எதிரொலி வராதபோது மிகப் பெரிய எண்ணைத் தரும் உணரிகளும் உண்டு. அவை காலி என்று பொய் சொல்லும். ஆகவே 27க்குக் குறைவாகவோ 122க்கு மேலாகவோ கணிசமாக விலகி வரும் எந்த எண்ணையும் தண்ணீராக மொழிபெயர்க்கக் கூடாது. 'தெரியவில்லை' என்று சொல்லும் வழி நிரலில் இருந்தே ஆகவேண்டும். நண்பர்களின் திட்டப்பணிகளில் நான் தேடிப் பார்க்கும் முதல் வரி இதுதான். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

சென்டிமீட்டரிலிருந்து வாளிக்கு

தொலைவு சரியாகக் கிடைத்துவிட்டது. 122இலிருந்து அதைக் கழித்தால் நீரின் உயரம். 95ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு. பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். எங்கள் தொட்டியில் நீர் 22 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 23 விழுக்காடு என்று வரும். கால் தொட்டி என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் வீட்டுக்குப் போகும் குழாய், தொட்டியின் அடியிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தப்பட்டுள்ளது. அதற்குக் கீழே உள்ள நீர் வீட்டுக்கு வராது. அங்கே இருப்பது பெரும்பாலும் வண்டல்தான். உண்மையில் பயன்படக்கூடியது 14 சென்டிமீட்டர், அதாவது ஏழு வாளி. பயன்படும் 87 சென்டிமீட்டரில் அது 16 விழுக்காடு.

மேலிருந்து பார்க்கும் உணரிக்கு நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். அடியில் எவ்வளவு மண் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வண்டல் குழாய்மட்டத்தைத் தாண்டி ஏறினால், கருவி காட்டும் அதே மட்டத்தில் தண்ணீர் இன்னும் குறைவாக இருக்கும். தொட்டி கழுவும்போது மூங்கில் கழியால் வண்டலின் ஆழத்தைக் குத்திப் பார்க்கும் பழைய வழக்கத்தை இந்தக் கருவி வந்த பிறகும் நாங்கள் விடவில்லை.

எங்கள் மலையிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. ரிங்லெட் பட்டணத்துக்கு அருகே, பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே நிற்கும் சுல்தான் அபு பாக்கார் அணை, கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்காக 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே காடும் சரிவும் காய்கறித் தோட்டங்களாக வெட்டப்பட, ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கி ரிங்லெட் ஏரியில் படிந்தது. ஏரியின் நீர்மட்டம் கரையில் நிற்பவருக்கு முன்போலவே தெரியும். அடியில் மண் நிரம்பியதால் அது தாங்கக்கூடிய நீர் பெரிதும் சுருங்கிவிட்டது. அப்படிச் சுருங்கிய ஏரி பெருமழையில் விரைவில் நிரம்பும். 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பெய்த கனமழையில் ஏரி நிரம்ப, அணையைக் காப்பதற்காக அபாயச் சங்கொலி எழுப்பிக் கட்டங்கட்டமாக நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றோரத்தில் எழுந்திருந்த குடியிருப்புகளும், மண் சேர்ந்து ஒடுங்கிவிட்ட ஆற்றுப்படுகையும் அந்தத் துயரத்துக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதும் இருவேறு கேள்விகள் என்பதை அந்த ஏரி எங்கள் தொட்டியைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

நம் நாட்டு ஆறுகளின் மட்டத்தை நீர்ப்பாசன, வடிகால் துறை கண்காணித்து வருகிறது. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளாக அது அறிவிக்கப்படுகிறது. இத்தகைய பணிக்கு மீயொலியுடன் ரேடார் கருவிகளும் உலகெங்கும் பயன்படுகின்றன. ரேடார் அலை ஒளியின் வேகத்தில் செல்வதால் காற்றின் சூடும் குளிரும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. விலை நம் கைக்கு எட்டாது. ஆனால் அந்த நான்கு படி முறை எனக்குப் பிடித்துப்போனது. ஆற்றங்கரையில் வாழ்பவருக்கு நீர் இத்தனை மீட்டர் என்பதைவிட, இப்போது எழுந்து ஓடவேண்டுமா என்பதுதானே தெரியவேண்டும்?

ஆகவே எங்கள் அடுப்படியில் எண் எதுவும் இல்லை. மூன்று விளக்குகள்தாம். சிக்கனமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து வாளி போதும். பயன்படும் நீர் பதினைந்து வாளிக்கு மேல் இருந்தால் பச்சை. ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையில் மஞ்சள். ஐந்துக்குக் கீழே சிவப்பு. மூன்றும் அணைந்திருந்தால் 'தெரியவில்லை' என்று பொருள். அப்போது யாராவது இளையவர்கள் படியேறிப் பார்க்க வேண்டும். வெப்பத் திருத்தம் செய்த பிறகும் ஒரு வாளி முன்னே பின்னே இருக்கலாம் என்பதால், எல்லைகளை ஒரு வாளி கூட்டியே வைத்திருக்கிறேன்.

மின்னியல் பற்றிச் சுருக்கமாக. தொட்டியருகே ஈ.எஸ்.பி.8266 நுண்கட்டுப்படுத்தி ஒன்று மின்கலத்தில் இயங்குகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒன்பது முறை அளந்து, முடிவை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். வீட்டில் இணையம் இல்லாவிட்டாலும் இரண்டு ஈ.எஸ்.பி. கருவிகள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் 'ஈ.எஸ்.பி.-நவ்' முறையைக் கையாண்டுள்ளேன். தொட்டியிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்காததற்குக் காரணம் இடி. பிற்பகலில் எங்கள் மலையில் இடிக்குக் குறைவில்லை. உணரி 5 வோல்ட்டில் பேசும், நுண்கட்டுப்படுத்தி 3.3 வோல்ட்டில்தான் கேட்கும். இடையில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என இரு மின்தடைகளைப் போட்டு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமலும் சில மாதம் ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சில மாதத்துக்குப் பிறகு மழையில் மேட்டுக்குப் போவது யார் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பரப்பளவுச் சூத்திரத்தை மட்டும் நம்பாமல், தொட்டி கழுவிய நாளில் அளந்த வாளியால் ஊற்றிச் சரிபார்ப்பது நல்லது. பல தொட்டிகளின் பக்கம் நேராக இராது. வளையம் வளையமாகப் புடைத்திருக்கும், அல்லது மேலே போகப்போக அகலும். எங்கள் தொட்டியில் பன்னிரண்டு லிட்டர் வீதம் பத்து வாளி ஊற்றினோம். கணக்குப்படி 18.9 சென்டிமீட்டர் ஏறவேண்டும். 19 ஏறியது. வாளியை எண்ணியவர் பாட்டி.

அடுத்த லயத்து அக்கா ஒருவர் தமக்கும் ஒன்று செய்துதரக் கேட்டிருக்கிறார். அவருடையது சிமெண்டுத் தொட்டி, உள்ளளவு 120க்கு 100 சென்டிமீட்டர். அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 12 லிட்டர், ஏறத்தாழ ஒரு வாளி. வெயிலில் பிளாஸ்டிக் அளவுக்குச் சூடேறாது என்று எதிர்பார்க்கிறேன், இருந்தாலும் வெப்பமானியை விடப்போவதில்லை. நிரலில் மாற்றவேண்டியவை பரப்பளவு, ஆழம், குழாய்மட்டம் ஆகிய மூன்று எண்கள். குழாய்மட்டத்தை மட்டும் இன்னும் அளக்கவில்லை. தொட்டியில் வண்டல் முழங்கால் அளவு இருக்கிறது என்கிறார். அடுத்த விடுமுறையில் முதலில் அதைக் கழுவ வேண்டும்.